சத்தமில்லாத லேப்டாப்பும் எல்பிஐசி 101 தேர்வும்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என்று இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடம், 60 கேள்விகள். மதிப்பெண் 200-இலிருந்து 800 வரை; 500 வந்தால் தேர்ச்சி. 101-இன் முதல் தலைப்பே வன்பொருளைக் கண்டறிந்து அமைப்பதுதான். சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி, ஏறியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகள்) பட்டியலிடும் எல்எஸ்மாட், அவற்றை ஏற்றி இறக்கும் மாட்ப்ரோப் ஆகிய கட்டளைகள் எல்லாம் அதில் வரும். இவற்றுக்கு வரையறை எழுதி மனப்பாடம் செய்தால் மறுநாளே ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

நான் இந்தப் பகுதியைப் படித்தது, லினக்ஸ் போட்ட பிறகு சத்தமே வராமல் போன ஒரு லேப்டாப்பை வைத்து. பாடத்திட்டத்தில் ஒலி என்று தனித் தலைப்பு கிடையாது. ஆனாலும் இதைவிட நல்ல பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒலி பல அடுக்குகளைத் தாண்டித்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது. எந்த அடுக்கில் நின்றுபோனது என்று தேடும்போது ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வேலை வந்துவிடுகிறது.

முதலில் அந்த அடுக்குகளை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அடியில் ஒலிச் சில்லு. அதற்கு மேல், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அல்சா என்ற ஒலி அமைப்பு; 2.6 கெர்னல் வந்தபோது ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பின் இடத்தைப் பிடித்தது இதுதான். அதற்கு மேல், செயலிகளின் ஒலியை வாங்கி அட்டைக்கு அனுப்பும் ஒலிச் சர்வர். நெடுநாள் பல்ஸ்ஆடியோ இருந்தது, இப்போது பெரும்பாலும் பைப்வயர். ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10-இலும் அதற்கு மாறின. உச்சியில் பிரவுசரும் பிளேயரும். தேடினால் கிடைக்கும் தீர்வுகளில் பல பல்ஸ்ஆடியோ காலத்தவை. அவற்றை அப்படியே காப்பியடித்து ஓட்டுவதற்கு முன் உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்று பாருங்கள்.

சரி, என் லேப்டாப்புக்கு வருவோம். ஒலி அமைப்புகளில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டியது. சர்வர் ஓடுகிறது, அதன் கண்ணில் ஒலி அட்டை எதுவும் படவில்லை என்பதே இதற்கு அர்த்தம். அப்படியென்றால் பைப்வயரைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, கீழே இறங்க வேண்டும். எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' தெரிவோடு ஓட்டினால், ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்த டிரைவர் பொறுப்பேற்றிருக்கிறது என்று ஒரு வரி வரும். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. வரி இருந்தும் அட்டை இல்லையென்றால், டிரைவர் ஏறிய பிறகு ஏதோ தடுக்கி விழுந்திருக்கிறது. எனக்கு நடந்தது இரண்டாவது. அட்டைகளின் பட்டியல் 'ப்ராக்' அடைவுக்குள் 'ஏசவுண்ட்' என்ற இடத்தில் இருக்கும். அங்கே பார்த்தால் காலி.

இந்த இடத்தில்தான் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை கைகொடுத்தது. எஸ்ஓஎஃப் என்று வடிகட்டிப் பார்த்தபோது, ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை என்ற செய்தியோடு பிழை எண் -2 இருந்தது. கெர்னல் -2 என்று சொன்னால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். இன்டெலின் புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ஒலியைக் கையாள்வது டிஎஸ்பி என்ற தனிச் செயலி. அதற்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் (எஸ்ஓஎஃப்) தொகுப்பு கட்டாயம் வேண்டும். டெபியனில் அது 'ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு' என்ற பெயரில் வருகிறது. பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்ததும் சத்தம் வந்துவிட்டது. டெபியன் 11 வரை அதிகாரபூர்வ நிறுவியில் இப்படிப்பட்ட ஃபர்ம்வேர் சேர்க்கப்படவில்லை. 2023-இல் வந்த 12-இலிருந்துதான் சேர்த்தார்கள்.

படிக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: கட்டளையை ஓட்டுவதற்கு முன், என்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். வந்த பிறகு, எந்த அடுக்கின் மீது இனிச் சந்தேகமில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டிப் பார்க்க இந்த நோட்டு போதும்.

கோளாறு சரியானதும் லேப்டாப்பை மூடி வைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி மாட்யூலை மாட்ப்ரோப்பின் 'ஆர்' தெரிவால் அகற்றிப் பார்த்தால், பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். எல்எஸ்மாட்டின் மூன்றாவது நெடுவரிசையில் இருக்கும் எண் எதற்கு என்பது அப்போது தானாகப் புரியும். மாட்யூலை ஏற்றும் இன்னொரு கட்டளையான இன்ஸ்மாட் சார்பு மாட்யூல்களைத் தேடி ஏற்றாது, மாட்ப்ரோப் ஏற்றும் என்பதையும் இதே சாக்கில் சோதித்துவிடலாம். மாட்யூல் தெரிவுகளை நிலையாக வைக்க 'மாட்ப்ரோப் டாட் டி' அடைவு இருக்கிறது. டிஎஸ்பியை ஒதுக்கிவிட்டுப் பழைய எச்டிஏ டிரைவரையே கட்டாயப்படுத்தும் தெரிவை அங்கே எழுதச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். ஸ்பீக்கர் பேசும்தான். ஆனால் டிஎஸ்பியோடு இணைந்த உள் மைக் காணாமல் போகும். எனக்கு அந்த வழி பிடிக்காது.

எல்லாச் சிக்கலும் இவ்வளவு ஆழத்தில் இருக்காது. அட்டை தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லையென்றால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் அல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் கீழே 'எம்எம்' என்றிருந்தால் அது மியூட். 'எம்' விசையைத் தட்டினால் திறந்துவிடும். எச்டிஎம்ஐ முதல் அட்டையாகிவிட்டதால் ஒலி அங்கே போய்க்கொண்டிருப்பதும் உண்டு. பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் 'டப்' என்று கேட்டால் அது மின்சேமிப்பின் வேலை, ஒலி மாட்யூலின் பவர்சேவ் தெரிவைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். எதுவுமே பிடிபடவில்லையென்றால், புதிய வெளியீடு ஒன்றின் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். அங்கே சத்தம் வந்தால் வன்பொருளைக் குறை சொல்ல முடியாது. சிஸ்டத்தையே அழித்து மறுபடி நிறுவுவது மட்டும் வேண்டாம், என்ன கோளாறு என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

தேர்வு அறையில் கவனிக்க ஒன்று. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளும் வரும். கட்டளையை மட்டும் எழுது, பாதையும் தெரிவுகளும் வேண்டாம் என்று கேள்வியிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். சில கேள்விகளில் முழுப் பாதை கேட்பார்கள். அதனால் பயிற்சியின்போதே டேப் விசையைத் தொடாமல் முழுப் பெயரையும் கையால் தட்டிப் பழகுங்கள். அல்சாமிக்சர், பைப்வயர் கருவிகளின் பெயர்களை 101-க்காக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த நேரத்தில் டெபியன், ரெட்ஹேட் இரண்டின் பொதி மேலாண்மைக் கட்டளைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம், அதே தேர்வில் அவை நிச்சயம் உண்டு.