ஜனவரி கடைசி வரை

அக்டோபர் 9, 2024
மூன்றாவது பீரியடில் இடது கால் மறுபடி மரத்துவிட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டே முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தைப் போட்டேன். முன்வரிசைப் பெண் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 13
அமெரிக்க அரசிடம் வாங்கிய கல்விக் கடனில் பாக்கி 61,000 டாலர் சொச்சம். ராத்திரியில் பார்க்கக் கூடாது.

அக்டோபர் 20
ஆசிரியர்களுக்கான கடன் தள்ளுபடிக்கு, வசதியில்லாத பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில் தொடர்ந்து ஐந்து கல்வியாண்டு முழுநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு என்பதால் எனக்கு 17,500 டாலர் வரை கிடைக்கும். எதிர் அறையில் ஆங்கிலம் எடுப்பவருக்கு 5,000தான். எனக்கு இது ஐந்தாவது வருஷம்.

நிரந்தர ஊனத் தள்ளுபடி என்றால் கடன் மொத்தமும் போய்விடும். ஆனால் சம்பாதிக்கும்படியான வேலை எதுவும் இவரால் செய்ய முடியாது, இது 60 மாதம் நீடிக்கும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே 60 மாதம் நீடித்திருந்தாலும் சரி, சாவில் முடியும் என்றாலும் சரி. அதற்கும் கட்டம் வைத்திருக்கிறார்கள்.

நின்றால் 17,500. படுத்தால் முழுசும். இந்தக் கணக்கைப் போட்டவருக்கு நான் மார்க் போட மாட்டேன்.

அக்டோபர் 31
தீபாவளி. எங்கள் பள்ளிக்கு லீவு இல்லை. அம்மா போனில், "வேலை செய்ய முடியாதுன்னு எழுதி வாங்கப் போறியா? நல்ல நாளும் அதுவுமா! வாயைக் கழுவுடி" என்றாள்.

நவம்பர் 12
மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் என் நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து இன்று. ஊனத் தள்ளுபடி ஃபாரத்தை நரம்பு டாக்டரிடம் நீட்டினேன். "மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உங்களுக்கு வந்து வந்து போகிறது. ஐந்து வருஷத்துக்கு நான் எப்படி எழுதுவது?" என்று திருப்பித் தந்துவிட்டார். கோபமாக வந்தது. கார் நிறுத்துமிடம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை செய்வேன் என்று ஒரு டாக்டரே நம்புகிறாரே!

என் வீட்டுக்காரருக்கோ சட்டம் எல்லாம் அத்துப்படி. 2023 ஜூலையிலிருந்து நர்ஸ் பிராக்டிஷனரே (மருந்து எழுதித் தரும் தகுதியுள்ள நர்ஸ்) கையெழுத்துப் போடலாமாம். தள்ளுபடிக்கு அப்புறம் மூன்று வருஷம் வருமானத்தைத் துருவுவதையும் அப்போதே நிறுத்திவிட்டார்களாம். அந்த மூன்று வருஷமும் புதிதாகக் கல்விக் கடன் வாங்காமல் இருந்தால் போதும். 2025 முடிவதற்குள் தள்ளுபடியானால் மத்திய வரியும் இல்லை. என் பகுதியை அவரே நிரப்பி மேசையில் வைத்திருக்கிறார். என் கையெழுத்துதான் பாக்கி.

நவம்பர் 13
போடவில்லை.

டிசம்பர் 3
ஆசிரியர் தள்ளுபடியில் ஒரு விதி கண்ணில் பட்டது. கல்வியாண்டில் பாதியை முடித்துவிட்டு, எஃப்.எம்.எல்.ஏ. (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விடுப்புக்குரிய நோயால் மீதியை முடிக்க முடியாமல் போனால் அதை முழு ஆண்டாகவே எடுத்துக்கொள்வார்கள். சம்பள உயர்வு, பணி நிரந்தரம், ஓய்வூதியம் இவற்றுக்கு ஒப்பந்தக் கடமை முடிந்ததாகப் பள்ளியும் ஏற்க வேண்டும். அப்படியென்றால் ஜனவரி கடைசி வரை தாக்குப்பிடித்தால் போதும். விடுப்பு 12 வாரம், சம்பளம் கிடையாது. சரி, பார்த்துக்கொள்ளலாம்.

எச்.ஆரில் கேட்டேன். "அப்படியும் இருக்கா?" என்று என்னையே கேட்டார்கள். விதியை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 19
வகுப்பில் ஹீட்டர் கொதிக்கிறது. உடம்பு சூடேறினால் எனக்குக் கண் மங்கும். ஜன்னலைத் திறந்தேன். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

ஜனவரி 14, 2025
பொங்கல். குக்கரில்தான். இவர் கிளறினார், நான் உட்கார்ந்து அதிகாரம் செய்தேன்.

ஜனவரி 27
எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. கழுத்துத் தண்டுவடத்தில் புதிதாக ஒரு புள்ளி. டாக்டரே கூப்பிட்டு, "அந்த ஃபாரத்தை அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன்" என்றார். அவர் போட்ட தேதியிலிருந்து 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வேண்டுமென்று கேட்டபோது தராத மனிதர்! இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 31
பாதி ஆண்டு முடிந்தது. ஒப்பந்த விஷயம் மேலிடத்துக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம் சொல்கிறோம் என்று எச்.ஆரிலிருந்து இரண்டு வரி வந்தது. திங்கட்கிழமை வட்டங்கள் ஆரம்பம். வகுப்பில் பாதிப் பேரிடம் காம்பஸ் இல்லை.