ஓவிய அறையில் கூடி உட்கார ஓர் இடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஓவிய அறையின் பாதியைக் கால் உடைந்த பெஞ்சுகள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதி இடத்தில் மாணவர்கள் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக அமர்ந்து வரைவார்கள். மணி அடித்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவர் வரைந்ததை மற்றவர்கள் பார்க்கவோ, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசவோ வழியில்லாததால், பாதி அறையையாவது எல்லோரும் கூடி உட்காரும் இடமாக மாற்ற அனுமதி கேட்டேன்.

தலைமையாசிரியை உடனே சம்மதித்தார். தடையாக நின்றவை அந்த பெஞ்சுகள்தாம். அரசுப் பள்ளியின் தளவாடச் சாமான்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. உடைந்தவை என்பதற்காக அவற்றைத் தூக்கி எறிந்துவிட முடியாது. பயனற்றவை எனப் பட்டியலிட்டு, மேலிடத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே பதிவேட்டிலிருந்து கழிக்க வேண்டும். அதற்குள் கல்வியாண்டு முடிந்துவிடும் என்பதால், விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். அவர்களில் தச்சு வேலை தெரிந்த ஒருவர், தேறக்கூடிய பெஞ்சுகளுக்குக் கால் பொருத்திக் கொடுத்தார். தேறாதவற்றை சைக்கிள் கொட்டகையின் ஓரத்தில் அடுக்கி, இடம் மாறிய விவரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டோம்.

அறை 20 அடிக்கு 20 அடி. வட்டமாக உட்கார வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் கிடைத்த பாதியில் வட்டம் போட்டால் 40 பேருக்கு இடம் போதாது. எனவே மூன்று பக்கமும் சுவரை ஒட்டி ‘ப’ வடிவில் அமர்த்தினேன். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி என்று கணக்கிட்டால் தரையில் ஏறக்குறைய 25 பேர்தான் அமரலாம். மற்றவர்களுக்காக, நீளச் சுவரோரம் செப்பனிட்ட பெஞ்சுகள் நான்கைப் போட்டேன். திறந்த பக்கத்தில் ஜன்னல் கம்பிக்கு ஜன்னல் கம்பி நைலான் கொடி கட்டி, துணி கிளிப்புகளில் ஓவியங்களைத் தொங்கவிட்டோம். தரையில் இருப்பவர்களின் கண்மட்டத்துக்குக் கொடி தாழ்வாக இருக்க வேண்டும். நின்று பார்க்கும் ஆசிரியரின் உயரத்துக்குக் கட்டினால் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

விரிப்புக்கு, பவானி ஜமக்காளம் வாங்கலாம் என்றார் ஒரு பெற்றோர். பார்வைக்கு அழகுதான், ஆனால் போஸ்டர் கலர் சிந்தினால் பருத்தி உறிஞ்சிக்கொள்ளும். கோரைப்பாயென்றால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். சுருட்டி வைக்க வேண்டுமே தவிர மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் கோரை முறியும். பாயையே தேர்ந்தெடுத்தோம். தண்ணீர்க் கிண்ணம் கொடியைத் தாண்டி வரக் கூடாது என்பது அங்கே நான் விதித்த ஒரே விதி.

இடம் அமைந்துவிட்டதே தவிர, பேச்சு எழவில்லை. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு சார்” என்று ஒரே குரலில் முடித்துவிடுவார்கள். அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் ஆகிய இருவரும் அருங்காட்சியகப் பார்வையாளர்களுக்காக வகுத்த கேள்விமுறையைப் படித்திருந்தேன்: படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், வேறு என்ன தென்படுகிறது என்ற மூன்றே கேள்விகள். இரண்டாவது கேள்விதான் வேலை செய்தது. “இந்த அம்மா கோவமா இருக்காங்க” என்ற ஏழாம் வகுப்புப் பையனிடம் காரணம் கேட்டபோது, முகத்தைக் காட்டாமல், குடத்தைப் பிடித்திருந்த விரல்களைக் காட்டினான். வரைந்த பெண்ணோ அதுவரை அதைக் கவனித்திருக்கவே இல்லை.

எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களுக்கும் இந்த இடம் உதவியது. தாமரைக் குளமும் மீன்களும் யானைகளும் பூப் பறிக்கும் ஆட்களும் அங்கே குகையின் விதானத்தில் தீட்டப்பட்டிருப்பதால், படத்தைச் சுவரில் மாட்டிக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய அச்சுப்படத்தை மின்விசிறிக்கு எட்டாத மூலையில் கூரையில் ஒட்டி, பிள்ளைகளைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னேன். சிரிப்பு அடங்கிய பிறகு, எருமையைத் தேடுவதில் போட்டியே வந்துவிட்டது.

தமிழாசிரியை தம் நூலகப் பாடவேளையை இப்போது இங்கேதான் நடத்துகிறார். தேர்தல் வந்தால் அறை வாக்குச்சாவடியாகும். அப்போது கொடியை அவிழ்த்துப் பாய்களைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுவோம். பழுதான பெஞ்சுகளுக்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை.