ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வது?

ஜெர்மனிக்கு வேலைக்கு வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, வாடகை, குளிர் பற்றித்தான். மூன்றும் தொல்லைதான், ஆனால் எப்படியாவது தீர்ந்துவிடும் தொல்லைகள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்தால் வரி எண் தபாலில் வரும். அது வந்தால் சம்பளப் பிடித்தம் ஒழுங்காகும். கூடவே, வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லியும் ஒரு கடிதம் வரும், வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பல வாடகை வீடுகளில் சமையலறை என்று காட்டும் அறையில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டும் இருக்கும். அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். கொஞ்ச நாள் புலம்புவோம், அப்புறம் பழகிவிடும்.

எனக்கு லேசில் பழகாதது மாலை நேரம்.

பெர்லினில் நான் வேலை பார்க்கும் இடத்தில் நாலரைக்கே நாற்காலிகள் காலியாகத் தொடங்கும். சட்டம் அப்படி. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, மிஞ்சிப்போனால் 10. வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேர ஓய்வு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒரு பிழையைச் சரிசெய்து மின்னஞ்சல் அனுப்பினார். பாராட்டு வரும் என்று நினைத்திருப்பார். காலையில் எட்டரைக்கு அவர் உள்ளே நுழைந்ததும் மேலாளர் கேட்டது இதுதான்: "பத்து மணிக்கு முன்னால் ஏன் வந்தீர்கள்?"

இன்னொன்று, விடுப்பில் போயிருக்கும்போது காய்ச்சல் வந்து, மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் அந்த நாட்கள் விடுப்புக் கணக்கில் சேராது. முதலில் கேட்டபோது யாரோ கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

சரி, நேரம் கிடைத்துவிட்டது. அதை யாரோடு கழிப்பது? கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள். கேட்ட உதவியைச் செய்வார்கள், குறையை முகத்துக்கு நேரே சொல்வார்கள், தங்கள் பிறந்தநாளுக்குத் தாங்களே கேக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் எங்கள் அலுவலகத்தில் பழக்கம் வாசலோடு சரி. கூட்டங்களில் ஆங்கிலம். மதியச் சாப்பாட்டு மேசையிலோ ஐந்தே நிமிடத்தில் பேச்சு ஜெர்மனுக்குப் போய்விடும். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றி வரலாம் என்றால் கடைகளும் திறந்திருக்காது. சம்பளத்தையும் விடுப்பையும் கணக்குப் போட்டு வந்தவர்கள் சிலர் இரண்டாவது குளிர்காலத்தில் மூட்டை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். வேலையைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நீல அட்டையில், அதாவது உயர்தகுதி பெற்ற வெளிநாட்டு வேலையாட்களுக்கான குடியிருப்பு அனுமதியில், வந்தவர் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 அளவுக்கு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலை அளவுக்கு, ஜெர்மன் தெரிந்தால் 21 மாதம் போதும். அந்த ஆறு மாத லாபத்துக்காகவே பலர் மொழி வகுப்புக்குப் போகிறார்கள். நானும் போனேன். தேர்வுக்கு அது உதவியது, பேச்சு வந்தது பாட்மின்டன் சங்கத்தில்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு சங்கம் உண்டு. பதிவு பெற்றவை மட்டும் ஆறு லட்சத்தைத் தாண்டும். எங்கள் சங்கத்தில் எனக்காக யாரும் ஆங்கிலத்துக்கு மாறுவதில்லை. இரட்டையர் ஆட்டத்தில் "விடு, வெளியே போகுது!" என்று கத்துவதற்கு இலக்கணமும் வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்து வலையைக் கழற்றி, கம்பங்களை உருட்டிக்கொண்டு போய் வைக்கும் பத்து நிமிடத்தில்தான் உண்மையான பேச்சு. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்துத் தன் மகளின் விவாகரத்தில் கொண்டுபோய் முடிப்பார். அலுவலகத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்த மாதிரிக் கதை என் காதுக்கு வந்திருக்காது.

சங்கத்திலும் சட்டதிட்டம் உண்டு. ஆண்டுக் கூட்டம், வரவு செலவு அறிக்கை, கை தூக்கி வாக்கெடுப்பு எல்லாம் முறைப்படி நடக்கும். போன கூட்டத்தில், இறகுப் பந்தின் விலை ஏறிவிட்டதால் சந்தாவைக் கூட்டுவதா, நைலான் பந்துக்கு மாறுவதா என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் நான் இறகுப் பந்துக்காகப் பேசினேன். ரயில் ஓட்டுநர் எதிர்க்கட்சி. வாக்கெடுப்பில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.