28 செ.மீ. ஹோவிட்சர்: மூன்றாம் முயற்சியில் அமைந்த குழல்

மூன்று மாதங்களாகக் கைகூடாத குழல் நேற்றிரவு அமைந்துவிட்டது. ஜப்பானியரின் 28 செ.மீ. ஹோவிட்சரை (குண்டை உயரே வீசி மேலிருந்து விழவைக்கும் குட்டைக் குழல் பீரங்கி) 1:35 அளவில் மாதிரியாகச் செய்துவருகிறேன். ஏறத்தாழ 2.86 மீட்டர் நீளக் குழல் இந்த அளவில் 82 மி.மீ.; உள்விட்டம் 8 மி.மீ. சுவர் 1 மி.மீ. உள்ள 10 மி.மீ. பித்தளைக் குழாய் அதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது.

தொல்லை வெளிப்புறத்தில்தான். ஒசாகா படைக்கலச் சாலையில் வார்ப்பிரும்புக் குழலை எஃகு வளையங்களால் வலுப்படுத்தியதால், அது வாயிலிருந்து பின்பக்கம் படிப்படியாகத் தடித்துக்கொண்டே போகும். அந்தப் படிகளின் விளிம்பு மழுங்கினால் பீரங்கியின் முகமே மாறிவிடும். 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை முனையோடு முனை சேர்த்துச் சுற்றியபோது பள்ளம் விழுந்தது. பட்டி பூசி உப்புத்தாள் போட்டதும் படிகள் கரைந்தன. இரண்டாம் முறை சுற்றி முடிப்பதற்குள் சூப்பர் க்ளூ இறுகித் தகடு கோணிக்கொண்டது. இம்முறை இரு முனைகளையும் 10 மி.மீ. நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, பித்தளையைத் தொடும் முதல் சுற்றுக்கு மட்டும் சூப்பர் க்ளூவும், மற்றவற்றுக்குத் தூரிகையால் தொட்டு வைத்த பிளாஸ்டிக் பசையும் பயன்படுத்தினேன். நகத்தால் வருடினாலும் இணைப்பு தட்டுப்படவில்லை. தபாலில் வரவழைத்த தகடு வளைந்து வந்ததால் ஒரு மாதம் வீணானது. இனி நேரில் பார்த்துத்தான் வாங்குவேன்.

இவ்வளவு மெனக்கெடத் தகுதியுள்ள பீரங்கி இது. கப்பல்களின் மேல்தளத்தை மேலிருந்து துளைப்பதற்காகக் கடற்கரைக் கோட்டைகளில் நிலையாக நிறுத்தப்பட்ட இதன் குழல் மட்டுமே 10 டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதையே 1904இல், ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, பெயர்த்தெடுத்து ரஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகக் கோட்டையின் முற்றுகைக்கு அனுப்பினார்கள். மொத்தம் 18 ஹோவிட்சர்கள் 217 கிலோ குண்டுகளை வீசின. டிசம்பர் 5ஆம் தேதி 203 மீட்டர் குன்று வீழ்ந்ததும், அதன் உச்சியிலிருந்து இலக்கு பார்த்துச் சொல்ல, துறைமுகத்தில் நின்ற ரஷ்யப் போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. டிசம்பர் 15ஆம் தேதி கோட்டைப் பாதுகாப்பின் உயிர்நாடியாக இருந்த ரஷ்ய ஜெனரல் கொந்த்ராதென்கோவும் இதன் குண்டுக்குப் பலியானார்.

சுழலும் அடித்தளம் இன்னும் வெட்டப்படவில்லை. ஆனாலும் குண்டைத் தூக்கி ஏற்றும் பாரந்தூக்கிக்கு மெல்லிய சங்கிலி தேடத் தொடங்கிவிட்டேன். கவரிங் நகைக் கடையில் பார்த்த கொலுசுச் சங்கிலியின் கண்ணிகள் 1 மி.மீ.க்குள் இருந்தால் அதையே வாங்கிவிடுவேன்.