ஸ்பே ஆற்றங்கரையில் முப்பத்தாறாம் எண் பேருந்து

ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாடகைக் காரைத்தான் தேடுகிறார்கள். நானும் என் மனைவியும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஆலையைச் சுற்றிக் காட்டி முடித்ததும் மூன்று நான்கு கோப்பைகளை முன்னால் வைப்பார்கள், கார் ஓட்டுகிறவர் அவற்றை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து, ஓட்டுநரின் இரத்தத்தில் இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் ஆல்கஹாலின் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. அதனால் பல ஆலைகள் ஓட்டுநரின் பங்கைச் சிறு புட்டிகளில் ஊற்றிக் கையோடு கொடுத்தனுப்புகின்றன. அது நல்ல ஏற்பாடுதான். என்றாலும் எங்கள் இருவரில் ஒருவர் நான்கு நாளும் புட்டியோடு திரும்புவதில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ரயில், பேருந்து, நடை என்று முடிவு செய்தோம். வசதிக்காக எடுத்த அந்த முடிவுதான் ஸ்பே பள்ளத்தாக்கின் விஸ்கி ஏன் இப்படி இருக்கிறது என்பதையே எங்களுக்கு விளக்கிக் காட்டும் என்று அப்போது தெரியாது.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோடையில் சில வாரங்கள் பல ஆலைகள் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன. சுற்றிப் பார்க்க அனுமதித்தாலும் சூடும் மணமும் இல்லாத ஆலையைப் பார்ப்பது, அடுப்பு எரியாத சமையலறையைப் பார்ப்பது போலத்தான்.

அபர்டீனிலிருந்து இன்வர்னஸ் செல்லும் ரயில், இன்வரூரி, இன்ஷ், ஹன்ட்லி என்று நின்று நின்று போகிறது. சன்னலுக்கு வெளியே பார்லி வயல்கள் இளம்பச்சையாய்த் தொடர்ந்து வருகின்றன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் கீத் என்ற சிற்றூரில் இறங்கினோம். நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தாலே ஸ்ட்ரத்ஐலா ஆலையின் இரட்டைக் கூரைக் கோபுரங்கள் கண்ணில் படுகின்றன. 1786இல் தொடங்கப்பட்ட ஆலை இது. சிவாஸ் ரீகல் கலவை விஸ்கியின் அடிப்படைச் சரக்கு இங்கிருந்துதான் போகிறது. கல் கட்டடமும் நீர்ச்சக்கரமும் அஞ்சலட்டைப் படம் போல இருந்தாலும், உள்ளே நாங்கள் கண்டது அழகுக்காக வைத்திருக்கும் பொருட்காட்சி அல்ல, வேலை நடக்கும் இடம்.

எங்களை அழைத்துச் சென்ற பெண்மணி நொதித்தல் தொட்டி ஒன்றின் மூடியைச் சற்றே தூக்கி, "மெதுவாக முகருங்கள்" என்றார். நான் ஆவலில் தலையை நன்றாகவே நீட்டிவிட்டேன். கரியமில வாயு மூக்கின் உள்பக்கத்தில் ஊசியாய்க் குத்த, கண்ணில் நீர் வந்தது. அது தணிந்த பிறகு வந்த வாசனை எனக்குப் புதியதே அல்ல, நன்றாகப் பொங்கிப் புளித்த ஆப்ப மாவின் வாசனை. முளைகட்டி உலர்த்தி அரைத்த பார்லியும் வெந்நீரும் சேர்ந்து கிடைத்த இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் வேலை செய்து முடிக்கும்போது அது ஏறக்குறைய எட்டு விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒரு வகைப் பீராகிவிடுகிறது. அதை வாலை எனப்படும் செப்பு வடிகலத்தில் ஒருமுறை வடித்து, வடித்ததை மறுபடியும் வடித்தால் எழுபது விழுக்காட்டை ஒட்டிய தெளிந்த சாராயம் கிடைக்கிறது. அதிலும் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டுமே பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள். எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கும் ஊழியர் அந்தத் திரவத்தைத் தொடவோ சுவைக்கவோ முடியாது. பித்தளையும் கண்ணாடியும் சேர்ந்த பூட்டிய பெட்டிக்குள் அது ஓடுகிறது, வெளியே இருக்கும் பிடிகளைத் திருப்பித்தான் அவர் வேலை பார்க்கிறார். வரி ஏய்ப்பைத் தடுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டாயமாக்கிய பெட்டி அது. ஆல்கஹால் ஆவி உள்ள இடம் என்பதால் கைப்பேசிகளை அணைக்கச் சொன்னார்கள், எனவே அந்த அறையின் படம் என்னிடம் இல்லை. செம்பின் பளபளப்பும் முகத்தில் அடித்த வெப்பமும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

அன்று மாலையே எல்ஜின் வந்து தங்கிவிட்டோம். ஊர்க் கதீட்ரலின் இடிபாடுகளை மாலை வெளிச்சத்தில் பார்த்தோம். ஆனால் எல்ஜினில் என் மனத்தை ஈர்த்தவர் சார்லஸ் டாய்க் என்ற கட்டடக் கலைஞர். இந்த ஊரில் இருந்துகொண்டு அவர் வரைந்த ஆலைகள் ஏராளம். பார்லியை உலர்த்தும் சூளையின் புகையை நன்றாக இழுப்பதற்காக 1889இல் டெய்லுவேன் ஆலைக்கு அவர் வடிவமைத்த கோபுரக் கூரைதான் பிறகு ஸ்காட்லாந்து முழுவதும் விஸ்கியின் அடையாளமாகிவிட்டது. இன்று பெரும்பாலான ஆலைகள் முளைகட்டி உலர்த்திய பார்லியை வெளியிலிருந்து வாங்குகின்றன, கூரை மட்டும் நிற்கிறது.

மறுநாள் காலை எல்ஜினில் முப்பத்தாறாம் எண் பேருந்தில் ஏறினோம். ரோதஸ், கிரெய்கெல்லாக்கி, அபர்லூர், டஃப்டவுன் ஆகிய நான்கு ஊர்களையும் கோத்துக்கொண்டு போகும் பேருந்து அது. பள்ளி மாணவர்களும், காய்கறிப் பையோடு ஏறும் முதியவர்களும், எங்களைப் போன்ற சில பயணிகளும்தான் அதில். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஆலைப் பெயர்ப்பலகை தெரியும், அதைப் பார்த்துத் தலை திருப்புகிறவர்கள் நாங்கள் மட்டுமே.

ரோதஸில் இறங்கிப் பார்த்த கிளென் கிராண்ட் ஆலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1840இல் ஜான், ஜேம்ஸ் என்ற கிராண்ட் சகோதரர்கள் தொடங்கியது. அவர்களில் ஜேம்ஸ், மோரேஷயர் ரயில்வேயைக் கொண்டுவர முன்னின்று உழைத்தவர். 1858இல் அந்தத் தடம் ரோதஸுக்கு வந்து சேர்ந்தது. ஐந்து ஆண்டுகளில், 1863இல், ஸ்ட்ராத்ஸ்பே ரயில்வே டஃப்டவுனிலிருந்து ஆற்றை ஒட்டி மேல்நோக்கிப் போடப்பட்டது. அதுவரை இந்த மலைப் பகுதியில் பார்லியை உலர்த்தச் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்ற மக்கிய தாவர மண்ணைத்தான் எரித்துக்கொண்டிருந்தார்கள், அதன் புகை விஸ்கியில் ஏறியது. ரயில் நிலக்கரியைக் கொண்டுவந்து கொட்டியதும் புகை குறைந்தது, பழமும் தேனும் போன்ற மென்சுவை முன்னுக்கு வந்தது. கலவை விஸ்கிகளுக்கு உலகெங்கும் கேட்பு பெருகிய 1890களில் தண்டவாளத்தை ஒட்டி அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. ஸ்பே விஸ்கி மென்மையானது என்று நாம் சொல்கிறோமே, அந்த மென்மைக்கு நீரும் மண்ணும் மட்டும் காரணமல்ல, ரயில் வண்டியும் காரணம். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு தகவலாகக் கடந்திருப்பேன். அந்தத் தடத்தின் மேலேயே நடந்தபோதுதான் உறைத்தது.

தண்டவாளம் இப்போது இல்லை. 1965 அக்டோபரில் ஸ்ட்ராத்ஸ்பே தடத்தில் பயணி வண்டிகள் நின்றுபோயின, அடுத்த சில ஆண்டுகளில் சரக்கும் நின்றது. அந்தத் தடத்தில்தான் இன்று ஸ்பேசைடு வே என்ற நடைபாதை போகிறது. கிரெய்கெல்லாக்கியில் தாமஸ் டெல்ஃபோர்டு 1814இல் முடித்த வார்ப்பிரும்புப் பாலத்தைப் பார்த்துவிட்டு, அபர்லூர் வரை சுமார் இரண்டு மைல் அந்தப் பாதையில் நடந்தோம். ஏற்றமே தெரியாத சமதளம், ரயிலுக்காக வெட்டியதல்லவா. ஒரு பக்கம் ஸ்பே ஆறு வேகமாக ஓடுகிறது, இடையில் ஒரு சிறு குகைப்பாதையும் உண்டு. அபர்லூரில் பழைய நிலையத்தின் நடைமேடை பூங்காவுக்குள் அப்படியே இருக்கிறது.

அதற்கு முன்பே, கிரெய்கெல்லாக்கியில் நாங்கள் அதிக நேரம் செலவிட்ட இடம் ஆலை அல்ல, ஸ்பேசைடு கூப்பரேஜ் என்ற பீப்பாய்ப் பட்டறை. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள் என்பேன். மேல் மாடத்திலிருந்து கண்ணாடி வழியே கீழே பார்க்கலாம். ஒரு தொழிலாளி பழைய பீப்பாயின் இரும்பு வளையங்களை இரண்டு மூன்று அடியில் தளர்த்திக் கழற்றினார். பழுதான பலகை ஒன்றை உருவியெடுத்து, குவியலிலிருந்து இன்னொன்றைப் பொறுக்கி, அளவுகோல் வைக்காமல் கண்ணால் மட்டும் அகலம் பார்த்துச் செருகினார். மூடிப்பலகை பொருந்தும் இடத்தில் உலர்ந்த கோரையை விரலால் நுழைத்தார். பிறகு பீப்பாயைச் சுற்றி வந்தபடியே சுத்தியலால் வளையத்தை அடித்து இறக்கினார், அடி ஒவ்வொன்றும் ஒரே தாளத்தில் விழுந்தது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. நான்காண்டு தொழில் பழகிய பிறகே முழுத் தொழிலாளி ஆகிறார்கள், முடிக்கும் பீப்பாய்க் கணக்கில்தான் கூலி. அதனால் அங்கே யாரும் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். விஸ்கியின் சுவையில் பெரும்பங்கு ஓக் மரத்திலிருந்து வருகிறது. சட்டப்படி குறைந்தது மூன்றாண்டு, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் இருந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்ற பெயரே. அப்படியிருக்க, புட்டியின் மேல் ஆலையின் பெயரும் நிறுவனரின் பெயரும் இருக்கின்றன. இந்தக் கைகளின் பெயர் எங்கும் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

அன்று மாலை அபர்லூரில் டஃப்டவுன் பேருந்தைத் தவறவிட்டோம். சரியான நிறுத்தத்தில், சரியான நேரத்தில்தான் நின்றிருந்தோம். ஆனால் இந்தக் கிராமப்புறத்தில் பயணி கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை, பேருந்து எங்களைக் கடந்து போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆற்றங்கரைக்குத் திரும்பினோம். இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் சால்மன் மீனுக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். நூல் தலைக்கு மேல் வளைந்து போய் நீரில் ஓசையின்றி விழும், மறுபடி எழும். மீன் எதுவும் சிக்கவில்லை, அவரும் அவசரப்படவில்லை. இங்கே போகிறவர்களுக்கு என் அறிவுரை: கடைசிப் பேருந்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள், அதற்கு முந்தையதையே உங்கள் பேருந்தாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு ஆலைக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

டஃப்டவுனில் இரண்டு இரவு தங்கினோம். ரோம் ஏழு குன்றுகளின் மேல் நிற்கிறது, டஃப்டவுன் ஏழு வாலைகளின் மேல் நிற்கிறது என்று உள்ளூரில் ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. மணிக்கூண்டிலிருந்து கீழிறங்கும் சாலையில் நடந்தே கிளென்ஃபிடிக் ஆலைக்குப் போய்விடலாம். மார்ட்லாக் ஆலையில் பல்லாண்டு வேலை பார்த்த வில்லியம் கிராண்ட், சேர்த்து வைத்த பணத்தில், தம் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு கல் சுமந்து கட்டிய ஆலை இது. கார்டோ ஆலையை நடத்திய எலிசபெத் கம்மிங்கிடமிருந்து பழைய வாலைகளையும் தளவாடங்களையும் 120 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான விலைக்கு வாங்கினார். 1887 கிறிஸ்துமஸ் அன்று முதல் சொட்டு விழுந்தது. பக்கத்துப் பால்வெனி ஆலையும் அவர் கட்டியதே.

கிளென்ஃபிடிக்கின் கிடங்கு தாழ்ந்த கூரையும் தடித்த கற்சுவரும் மண் தரையும் கொண்டது. உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் இருட்டும். பீப்பாய்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு ஆவியாகிப் போய்விடுகிறது, அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். கதவருகே நின்று மூச்சை இழுத்தால் ஈர மண்ணும் வெனிலாவும் திராட்சையும் கலந்த மணம் நெஞ்சு வரை இறங்குகிறது. அங்கே எங்களுக்குத் தந்த கோப்பையைக் காட்டிலும் அந்த மூச்சுக்காகவே நான் மறுபடியும் போவேன்.

கடைசி நாள் காலை, டஃப்டவுனிலிருந்து கிரெய்கெல்லாக்கிக்குப் பேருந்தில் போகாமல், ஃபிடிக் ஆற்றை ஒட்டிய பழைய ரயில் தடத்தில் நான்கு மைல் நடந்தோம். கிடங்குகளுக்கு அருகில் ஓரிடத்தில் மரங்களின் அடிப்பகுதியும் கிளைகளும் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. தீப்பிடித்த மரங்கள் என்றுதான் என் மனைவி முதலில் நினைத்தார். விரலால் தொட்டுப் பார்த்தேன், மென்மையான கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டது. கிடங்கிலிருந்து கசியும் ஆல்கஹால் ஆவியை உண்டு வளரும் பூஞ்சை அது. தேவதைகளின் பங்கு போய்ச் சேரும் இடங்களில் ஒன்றைக் கையால் தொட்டுவிட்டோம். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு நடந்து, கிரெய்கெல்லாக்கி நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே வந்து நின்றோம். வளைவில் பேருந்து தெரிந்ததும் இருவரும் சேர்ந்தே கையை நீட்டினோம்.