உரக்கடை நோட்டும் ரங்கராஜனும்

இன்று காலை உரக்கடையில் கடைக்காரர் பழுப்பேறிய நோட்டைப் புரட்டி, "போன குறுவைப் பாக்கியே நிற்கிறது, அண்ணே" என்றார். என் பெயருக்கு நேரே நீல மையில் நான்கு வரிகள். அடித்திருந்தது ஒன்றுதான்.

திருவையாறு பஸ்ஸில் திரும்பும்போது சி. ரங்கராஜன் நினைவுக்கு வந்தார் (சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்). கொள்ளிடத்துக்கு அக்கரை அரியலூரில் பிறந்து, திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்தவர். 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அதுவரை மத்திய அரசின் கையிருப்பு குறைந்தால் 'அட்-ஹாக்' கருவூலப் பத்திரம் (அவசரக் கடன் சீட்டு) ஒன்றை எழுதி நீட்டும். ரிசர்வ் வங்கி மறுபேச்சின்றிப் பணம் தரும். வட்டி வெறும் 4.6 சதவீதம். உச்சவரம்பில்லாத பற்றுவரவு நோட்டு! 1994இல் அரசோடு ஒப்பந்தம் போட்டு, 1997 ஏப்ரலில் அந்த நோட்டையே மூடவைத்தார். எனக்கு அவரிடம் பிடித்த காரியம் இதுதான்.

இப்படிப் புதுப் பணம் பெருகினால் விலைவாசி ஏறும், ஏறினால் ஏழைக்குத்தான் முதல் அடி என்பது அவர் வாதம். கூலியை வாங்கிய கையோடு அரிசிக் கடைக்கு நடக்கும் எங்கள் நடவுப் பெண்களுக்கு இது புதிதல்ல. ஆனால் 2014இல் அவர் தலைமையிலான குழு, கிராமத்து வறுமைக் கோட்டை நாளுக்கு 32 ரூபாய் என்றபோது, "இரண்டு காபி குடித்தால் கோட்டைத் தாண்டிவிடலாமா?" என்று அம்மா சிரித்தாள். என்னிடமும் பதில் இல்லை.

கடைக்காரர் இரண்டு மூட்டை யூரியா கொடுத்துவிட்டார். நோட்டில் ஐந்தாவது வரி.