இறக்கிவிட்ட பிறகு

ஜூலை 8, 2024, திங்கள்

ஆம்புலன்ஸில் இரவு ஷிஃப்ட். பதினொன்றரைக்கு ஒரு கேஸ். (வயது, ஊர் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) 58 வயது அம்மா. மேல் வயிற்றில் வலி, இரண்டு முறை வாந்தி, ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்வை. பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "மத்தியானம் கறி சாப்பிட்டாங்க, வாயுவா இருக்கும்" என்றார் மருமகள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிபி 100/60, நாடி 54. நெஞ்சில் வலி இல்லை என்று அவரே சொன்னார். என் வண்டியில் ஈசிஜி எடுக்க வசதி கிடையாது. ஆஸ்பத்திரிக்கு முன்தகவல் கொடுக்கும்போது "வயிற்றுவலி, வாந்தி" என்றேன். அங்கே மஞ்சள் பகுதியில் படுக்க வைத்தார்கள். சிவப்பு என்றால் அந்த நிமிடமே பார்ப்பார்கள், மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

காலையில் வண்டி கழுவும்போது சீட்டுக்கு அடியில் அவருடைய செருப்பு கிடந்தது. பச்சை வார், ஒரு பக்கம் தைத்தது.

ஜூலை 13, சனி

ஒரு விபத்துக் கேஸை இறக்கப் போனபோது செருப்பைச் சாக்காக வைத்து கேஷுவாலிட்டியில் கேட்டேன். "நீங்க சொந்தமா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன். "அப்ப எப்படிச் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. யாரோ ஒருவருடைய நோயை வாசலில் நின்று கேட்கிறவனுக்கெல்லாம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அந்த அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு 38 நிமிடம் வந்தவன் நான். நான் எழுதிய தாளின் நகல் உள்ளே போகிறது. உள்ளேயிருந்து ஒரு வரிகூட வெளியே வருவதில்லை. புகார் என்றால் மட்டும் மறுநாளே தெரிந்துவிடும்.

பிரசவக் கேஸ் மட்டும் விதிவிலக்கு. வண்டியிலேயே குழந்தை பிறந்த வீட்டிலிருந்து போன் வரும். எங்கள் பைலட்டை, அதாவது வண்டி ஓட்டுகிறவரை, ஒரு குடும்பம் காதுகுத்துக்கே கூப்பிட்டது. அவரும் மொய் எழுதிவிட்டு வந்தார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பகல் ஷிஃப்ட், கேஸ் குறைவு. போனில் படித்துக்கொண்டிருந்தேன்.

நார்வேயில் ஸ்டாவங்கர் பக்கத்தில் உட்ஸ்டைன் என்று ஒரு பழைய மடம். இதயம் நின்றுபோனவர்களைப் பற்றிய கணக்கை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எழுதுவது எப்படி என்று பேச 1990இல் அங்கே கூடியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டே படிவம் வெளிவந்தது. நாடி திரும்பியதா என்பதோடு அது நிற்பதில்லை. உயிரோடு வீட்டுக்குப் போனாரா, போனவர் நினைவோடு இருக்கிறாரா என்பதுவரை கேட்கிறது. அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய 'கேர்ஸ்' பதிவேடு ஆம்புலன்ஸ் எழுதியதையும் ஆஸ்பத்திரி எழுதியதையும் சேர்த்து வைத்து, முடிவை ஆம்புலன்ஸ் சேவைக்கே காட்டுகிறது. அது இதயம் நின்ற கேஸுக்கு மட்டும்தான். சரி, அதுவாவது இருக்கிறதே. எனக்கு நாடி திரும்பியதுவரைதான் தெரியும். ஏழு வருடத்தில் அப்படி நாலு பேர். அந்த நாலு பேரும் எங்கே இருக்கிறார்கள்?

ஜூலை 20, சனி

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்த ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவரைப் பார்த்தேன். பேர் சொல்லவில்லை, செருப்பைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "அந்த அம்மாவா? ஹார்ட் அட்டாக். அடிப்பக்கச் சுவர். ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் ஈசிஜி எடுத்தோம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டோம். நேத்து வீட்டுக்குப் போயிட்டாங்க."

பிழைத்துவிட்டார் என்றதும் சந்தோஷம். டீ இறங்குவதற்குள் அந்த ஒன்றரை மணி நேரம் உறைத்தது.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன். எல்லாம் பயிற்சியில் படித்ததுதான். இதயத்தின் அடிப்பக்கம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் வலி வயிற்றில் தெரியும், வாந்தி வரும். அந்தப் பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய்தான் பெரும்பாலும் துடிப்பின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கும் போகிறது, அதனால் நாடி குறையும். சர்க்கரையால் நரம்பு கெட்டவருக்கு நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். 54 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வலியில் துடிக்கிறவருக்கு நாடி 54 ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த அம்மாவுக்கு முன்னால் எத்தனை 'வாயு'வை இப்படி இறக்கிவிட்டு வந்திருக்கிறேன்? டீக்கடையில் சிஸ்டரைப் பார்க்காமல் போயிருந்தால் அடுத்ததையும் இதே மாதிரிதான் இறக்கியிருப்பேன், ஏழு வருட அனுபவசாலி என்ற பெயரோடு. திட்டு வாங்குவது பற்றி எனக்குக் கவலையில்லை. "நீ வாயு என்றாய், அது இதயம்" என்று யாராவது சொன்னால் போதும்.

ஜூலை 26, வெள்ளி

செருப்பு இன்னும் வண்டியில்தான். "புதுசு வாங்கியிருப்பாங்க, விடுங்க சார்" என்கிறார் பைலட். தூக்கிப்போட அவருக்கும் மனசில்லை, பழைய துணிப்பையில் சுற்றி வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரைக் கூட்டத்திலிருந்து ஒரு கேஸ். அறுபது வயதைத் தாண்டிய தையல்காரர், சர்க்கரை உண்டு. சித்ரான்னம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மேல் வயிற்றில் வலி, வியர்வை, நாடி 50. மேற்பார்வை டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு "இதயமாக இருக்கலாம், ஈசிஜி தயாராக வையுங்கள், சிவப்பு" என்றேன்.

நேராகச் சிவப்புக்குக் கொண்டு போனார்கள். ஈசிஜி தாள் வெளியே வருவதைப் பார்த்தேன். டியூட்டி டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சிஸ்டரிடம் ஏதோ சொன்னார், திரை மூடியது. கையெழுத்து வாங்குவதற்குள் அடுத்த அழைப்பு.

நாளை இரவு டீக்கடை சிஸ்டருக்கும் டியூட்டி இருக்கிறதாம். தையல்காரர் என்று சொன்னால் அவருக்குத் தெரியும்.